ஜிகர்தண்டா கண்ட இரவு

மதுரை மாநகர்க்குச் சென்று மீண்டோர் ‘ஜிகர்தண்டா’ என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நாவில் நீரூறப் பெறுவர். சுண்டக் காய்ச்சிய பாலும், கடல்பாசியும், நன்னாரிச் சர்பத்தும், ஐஸ்கிரீமும் கூட்டிக் கண்ணாடிக் குவளையில் தரப்படும் குளிர்பானம் அது. ‘ஜிகர்’ என்பது பாரசீகச் சொல். ஈரலையும் நெஞ்சையும் குறிக்கும். ‘தண்டா’ என்பது இந்துஸ்தானியிற் குளிர்ச்சியைக் குறிப்பது. ஆகவே நெஞ்சைக் குளிர்விப்பது என்பது அப்பெயரின் பொருளாகும். இத்துணைக் குளிர்ந்த பெயரைக் கொலைத்தொழில் புரிவான் ஒருவனது கதைக்குச் சூட்டி, 2014 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. அதனை எழுதி இயக்கியவர் கார்த்திக் சுப்பராஜ். அப்பொழுது யாம் தொடக்கப் பள்ளியிற் பயிலுஞ் சிறுவர். வாளும் குருதியும் மிக்க அப்படத்திற்கு எம்மை அழைத்துச் செல்வார் எவருமிலர். சென்ற ஆண்டிலேதான் விடுதி அறையில் ஒரு மடிக்கணினியின் முன் நெருங்கியமர்ந்து அதனைக் கண்டோம். அதிலிருந்து சில உத்திகளைக் களவாடிக்கொள்ளலாம் என்பதே எம் கருத்து. ஆயின் அவ்விரவு எம் கைக்குள் அகப்பட்டது வேறொன்று.

‘யாம்’ என்பது ஈண்டு மூவரைக் குறிக்கும். எழுதுவோன் ஒருவனேயாயினும் செய்த செயல் மூவர்க்கும் பொதுவாகலின் அச்சொல்லையே ஆளுகின்றோம். பெயர்களைக் கூறுதல் வேண்டா. விடுதியிலுள்ளார் அனைவரும் அறிவர்.

கல்லூரித் தமிழ் மன்றத்தார் குறும்படப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தனர். படம் பத்து நிமிடத்திற்கு மேற்படலாகாது என்பதும், நடிப்போர் எவராயினும் ஆகலாம் என்பதும் விதிகள். பரிசு 5,000 ரூபாய். எம்மிடம் இருந்த முதல், ஒரு கைப்பேசியும், இரவல் வாங்கிய மூன்றுகால் ஸ்டாண்டு ஒன்றுமே. மாலைத் தேநீரைப் பன்னிரண்டு நாள் துறந்து, சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு மைக் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினோம். இத்துணைச் சிறுமுதல் கொண்டு எத்துணைப் பெரிய கனவு கண்டோம் என்பதை இப்பொழுது நினைக்கின் நகையே உண்டாகின்றது.

கதை ஒரு ரவுடியைப் பற்றியது. எம்முள் உடல் பருத்தவனுக்கு மீசை ஒட்டி, கட்டம் போட்ட லுங்கி உடுத்தி, விடுதிச் சமையற்காரரைக் கெஞ்சி வாங்கிய காய் நறுக்கும் கத்தியைக் கையிற் கொடுத்து, குளியலறைச் சுவரின் அருகே நிறுத்தினோம். அவன் பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டிய அளவிலே வியர்வையால் மீசையின் ஒரு பாதி கீழே தொங்கிற்று. அதனை அறியாது அவன் தன் வீர உரையை முடித்தான். எடுத்ததைப் பக்கத்து அறையினர்க்குப் போட்டுக் காட்டினோம். கட்டிலினின்று ஒருவன் உருண்டு விழும்வரை சிரித்தார்கள்.

அக்காலத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பாடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு எனவும், அவற்றுள் கள்வரும் ஒன்று எனவும் கற்றிருந்தோம். நகை பிறக்கும் நான்கனுள் பேதைமை ஒன்றென்பதும் பாடமே. “கள்வனைக் காட்டப் புகுந்தோம், பேதையைக் காட்டிவிட்டோம்” என்றான் எம்முள் ஒருவன். மெய்ப்பாட்டியல் வாழ்க்கைக்கு உதவியது எமக்கு அதுவே முதன்முறை.

நிற்க. எம் படத்திற்குக் குறை உண்மையின்மையே என்று முடிவு செய்தோம். உண்மையான ரவுடி ஒருவனைக் கண்டு, அவன் பேச்சையும் நடையையும் அறிந்தாலன்றிப் படம் உயிர் பெறாது என்று துணிந்தோம். பேருந்து நிலையத்தை அடுத்த வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் முதியவர் ஒருவர் உளர். புருவத்தை இரண்டாக அறுத்த ஒரு தழும்பு உடையவர். இளமையில் ஒருவரைக் குத்திவிட்டு ஏழாண்டு சிறையிலிருந்தவர் என்று ஊரார் கூறுவர். அவரிடம் சென்று, வண்டியே இல்லாத யாம், வண்டி நிறுத்தக் கட்டணம் எவ்வளவு என்று வினவித் தொடர்பைத் தொடங்கினோம். பிறகு நாள்தோறும் மாலையில் அவர் அமரும் பலகையருகே சென்று நின்றோம். தாத்தா என்று அழைத்தோம். தேநீர் வாங்கிக் கொடுத்தோம். எமக்காக விட்ட தேநீர் அவர்க்காயிற்று. அவர் பேசினார். யாம் கேட்டோம். எம்முள் ஒருவனது சட்டைப் பையில் கைப்பேசியும், அதனோடு பொருத்திய மைக்கும் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தன. அவர்க்கு அதனைக் கூறினோமில்லை.

ஒன்பது நாட் பேச்சு சேர்ந்தது. குத்துச் சண்டையும் சிறைக்கூடமும் பற்றி அவர் கூறியவை யாம் எதிர்பார்த்ததினும் குறைவே. மழைக்காலத்தில் சிறைச் சுவரில் ஊறும் ஈரத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசினார். எட்டாம் நாள், எவரும் கேளாமலே, தம் வீட்டார் பற்றி ஒரு செய்தியைக் கூறினார். கூறுகையில் குரல் தாழ்ந்தது, இருமுறை நிறுத்தினார், இடையே ஒருவர்க்குச் சீட்டுக் கொடுத்துவிட்டு மீண்டும் விட்ட இடத்தினின்று தொடங்கினார். அச்செய்தியை ஈண்டு எழுதோம். அன்றிரவு விடுதியில் அப்பகுதியை எட்டுப் பேர்க்குப் போட்டுக் காட்டினோம். மறுநாள் இன்னும் மூவர்க்கு. இம்முறை எவரும் சிரித்திலர். “இதுதான் படம்” என்று எம் முதுகைத் தட்டினர். யாமும் அங்ஙனமே கருதி மகிழ்ந்தோம். அக்குரலையே படத்தின் அடியில் ஓடவிட்டு, மீசை வைத்தவனை இருட்டில் நடக்கவிடுவது என்பது எம் திட்டம்.

குரலைக் காட்சியோடு பொருத்தும் வகையைக் கற்க எண்ணியே, அவ்வாரத்துச் சனியிரவு ‘ஜிகர்தண்டா’வைக் கண்டோம். அதன் கதை காணாதார்க்குச் சுருங்கக் கூறுதும். கார்த்திக் என்னும் இளைஞன் திரைப்படம் எடுக்கும் வேட்கையுடையவன். தொலைக்காட்சியிற் குறும்படப் போட்டியில் அவன் படத்தை நடுவருள் ஒருவர் இகழ, மற்றொருவராகிய தயாரிப்பாளர் புகழ்ந்து படமெடுக்க வாய்ப்பளிக்கின்றார். ஆயின் கத்தியும் குருதியும் நிறைந்த ரவுடிக் கதையே வேண்டும் என்கின்றார். உண்மை ரவுடி ஒருவனைத் தேடி அவன் மதுரைக்குச் சென்று, ஊரணி என்னும் நண்பன் வீட்டில் தங்குகின்றான். ஆங்கு ஊரை நடுக்குறச் செய்பவன் அசால்ட் சேது. தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகையாளரை எரித்துக் கொன்றவன். அவனை அணுக அஞ்சிய நண்பர் இருவரும், அவனுக்கு உணவு கொடுக்கும் வீட்டுப் பெண்ணோடு பழகியும், அவன் கூட்டத்தாருள் ஒருவனோடு நட்புக் கொண்டும், செய்தி திரட்டுகின்றனர். அஃதும் போதாதென, அக்கூட்டத்தான் அறியாமல் அவனிடம் ஒரு மைக்கை மறைத்துவைத்து, ஒளிந்திருந்து ஒட்டுக் கேட்கின்றனர்.

அதுவரை யாம் சிரித்துக்கொண்டிருந்தோம். இக்காட்சி வந்த அளவிலே அறையில் ஓசை அடங்கிற்று. மேசைமேல் எமது 600 ரூபாய் மைக் கிடந்தது. ஒருவரையொருவர் நோக்கினோமில்லை.

எம் விடுதிச் சிற்றாலயத்தில் சில கிழமைகட்கு முன்னர்தான் நாத்தான் தீர்க்கதரிசி தாவீதரசனிடம் சென்ற வரலாற்றைக் கேட்டிருந்தோம். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையைக் கேட்டு அரசன் சினந்தெழ, அச்செல்வன் வேறெவனும் அல்லன் என்று நாத்தான் உணர்த்தினார். அன்று அப்பாடத்தைக் கேட்டபோது தாவீதின்மேல் எமக்கும் சினம் உண்டாயிற்று. ஒரு நகைச்சுவைப் படம் நாத்தானாய் வந்து எம் கட்டிலின்மேல் அமரும் என்று யார் கண்டார்?

படத்தை நிறுத்திவிடலாம் என்றான் ஒருவன், மற்றவன் இசைந்திலன். இறுதிவரை கண்டோம். படமோ ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. மைக்கின் செய்தி வெளிப்பட்டு இருவரும் சேதுவின் கையில் அகப்படுகின்றனர். கொல்லப்படுவர் என்று யாம் அஞ்சியிருக்க, தன் கதையைப் படமாக்க வந்தவர் என்று அறிந்த சேது பேருவகை எய்துகின்றான். தன் கொலைகளைத் தானே விரித்துரைக்கின்றான். பின்னர், தானே தலைவனாக நடிப்பேன் என்று பிடிவாதம் பூணுகின்றான். அவனுக்கும் அவன் கூட்டத்தார்க்கும் நடிப்புக் கற்பிக்க ஓர் ஆசிரியர் வருகின்றார். வாளேந்தும் தடியர்கள் பள்ளிச் சிறுவர்போல் வரிசையில் நின்று அழவும் சிரிக்கவும் பயிலும் அக்காட்சிகளில் குரு சோமசுந்தரம் ஆசிரியராக நடித்திருக்குந் திறம் வியக்கத்தக்கது. அன்றைய மனநிலையிலும் எம்மால் சிரியாதிருக்க இயன்றிலது. கார்த்திக் எடுப்பதோ அச்சம் விளைக்கும் படம் அன்று. ‘அ. குமார்’ என்னும் பெயரோடு வெளிவந்த அப்படத்தில் சேது ஒரு கோமாளி. ஊர் முழுதும் அவனைக் கண்டு சிரிக்கின்றது. சினந்து கொல்லப் புறப்பட்டவன், தன்னைக் கண்டு நடுங்கிய மக்கள் இப்பொழுது மகிழ்கின்றனர் என்பதை உணர்ந்து மனந்திரும்பி நடிகனாகின்றான். படமெடுக்க வந்தவனோ திரைத்தொழிலில் மிரட்டிக் காரியம் முடிப்பவனாக மாறிவிடுகின்றான்.

இம் மாற்றமே எம்மை மிகவும் உறுத்தியது. சேது திருந்தியது கதைக்குரிய இனிமை என்று தள்ளிவிடலாம். கார்த்திக்கின் மாற்றம் அங்ஙனம் தள்ளற்பாலதன்று. மைக்கை மறைத்துவைத்த அன்றே அவன் பாதி ரவுடியாகிவிட்டான் என்பதை இயக்குநர் வாய்விட்டுக் கூறாமலே காட்டியிருக்கின்றார். வறுமையும் வாய்ப்பின்மையும் உடைய படைப்பாளியின்மேல் நமக்கு இரக்கம் பிறத்தல் இயல்பு. அவ்விரக்கத்தின் மறைவிலே அவன் செய்யுங் களவு நம் கண்ணிற் படுவதில்லை. இதனை எழுதியவர் அவ்வறுமையை அறியாதவர் அல்லர். கார்த்திக் சுப்பராஜ் மென்பொருள் பொறியாளராய் இருந்து, குறும்படங்கள் எடுத்து, கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போட்டி வழியாக வந்தவர். முதற்கண் எடுக்க எண்ணியது இக்கதையையே என்பர். செலவு மிகுதியாகலின், சிறுமுதலில் முடியும் ‘பீட்சா’ 2012 இல் முந்திக்கொண்டது. தம் இனத்தானைத் தாமே எள்ளத் துணிந்தமையின் அவர்பால் எமக்கு மதிப்பு மிகுந்தது. சேதுவாக நடித்த பாபி சிம்ஹாவும், படத்தொகுப்பாளர் விவேக் ஹர்ஷனும் இப்படத்திற்காகத் தேசிய விருது பெற்றனர். பின்னர்க் கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளிலும் இக்கதை படமாயிற்று. 2023 இல் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ என்னும் பெயரில் அவரே மற்றொரு படமும் எடுத்தார், அதனையும் கண்டோம், அது வேறு சுவையுடையது, ஈண்டு வேண்டா.

திங்கட்கிழமை மாலை பெரியவரிடம் சென்றோம். தூக்குச் சட்டியிலிருந்து தயிர்ச்சோறு உண்டுகொண்டிருந்தார். உண்டு முடிக்கும்வரை நின்றோம். பின்னர்ச் செய்ததனைத் தட்டுத் தடுமாறிக் கூறினோம். அவர்க்கு முதலில் விளங்கவில்லை. காதுக்கருவியை அவர் காதில் மாட்டி, பதிந்ததைப் போட்டோம்.

“என் குரலா இது? ஆத்தாடி, கிழவன் குரலா இருக்கே!” என்று சிரித்தார். சிறிது நேரம் கேட்டார். எட்டாம் நாட் பேச்சு வந்தபோது முகம் மாறிற்று. முழுதும் கேட்டு முடித்தே கருவியைக் கழற்றினார்.

“இதை எத்தனை பேர் கேட்டிருப்பாங்க தம்பி?”

பொய் கூறியிருக்கலாம். கூற நினைத்தோம் என்பதையும் மறைப்பானேன்? எம்முள் இளையவன் “பதினொரு பேர், தாத்தா” என்றான்.

அவர் வைதிலர், கையோங்கினாரும் அல்லர். புருவத் தழும்பை விரலால் தடவிக்கொண்டு பதினொன்று என்பதை இருமுறை தமக்குள் சொல்லிக்கொண்டார். வண்டி எடுக்க வந்த ஒருவர் சீட்டை நீட்ட, அதனை வாங்கி ஊசிக்கம்பியிற் குத்திவைத்தார். யாம் அவர் கண்முன்னே பதிவுகள் அனைத்தையும் அழித்தோம். அழித்தபின்னும் பதினொன்று பதினொன்றாகவே நின்றது. அன்றிரவு அப்பதினொருவரையும் தனித்தனியே கண்டு கைகூப்பி வேண்டினோம். ஒன்பதின்மர் வாக்களித்தனர். இருவர் முன்னரே பிறரிடம் கூறியிருந்தனர். அப்பிறர் யாவர்க்குக் கூறினர் என்பது அறியோம். அவ்விருவரையும் குறைகூற எமக்கு வாயில்லை.

மறுநாளும் அவரிடம் சென்றோம். எதற்கென்று தெரியாமலே சென்றோம். நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு, “படம் என்னாச்சு?” என்றார். விட்டுவிட்டோம் என்றோம். “விடுவாங்களா? இத்தனை நாள் டீ வாங்கிக் கொடுத்திருக்கீங்க. நான் நடிக்கிறேன்” என்றார். யாம் ஒருவரையொருவர் நோக்கினோம். சேதுவின் கதையை அவர் அறியார். ரவுடியாகவா என்று அஞ்சியஞ்சி வினவினோம். “அது எதுக்குத் தம்பி? இன்ஸ்பெக்டரா நடிக்கிறேன்” என்றார்.

அங்ஙனமே கதை மாறிற்று. காக்கிச் சட்டை ஒன்றை நாடகக் குழுவினரிடம் இரவல் வாங்கினோம், தோளில் தொங்கிற்று. தொப்பி மட்டும் பொருந்திற்று. எழுதிக் கொடுத்த உரையை அவரால் நினைவிற் கொள்ள இயலவில்லை. ஒவ்வொரு முறையும், மீசை ஒட்டிய எம் ரவுடியைப் பிடித்து விசாரிக்க வேண்டிய இடத்தில், “சாப்டியாடா?” என்று கேட்டுவிடுவார். பதினேழு முறை எடுத்தோம். பதினேழு முறையும் அதையே கேட்டார். இறுதியில் உரையைக் கிழித்துவிட்டு அவர் கேட்டதையே படத்தில் வைத்தோம்.

திரையிட்ட நாளில் வந்திருந்த அன்பர்கட்கு அப்படம் நினைவிருக்கலாம். பரிசு பெற்றிலோம். அரங்கு முழுதும் சிரிப்பொலி எழுந்தது என்பது உண்மை; அதிற் பாதி எம் திறமின்மைக்கு என்பதும் உண்மை. பெரியவர் வெளுத்த சட்டை அணிந்து கடைசி வரிசையில் வாயிலோரம் அமர்ந்திருந்தார். சிரிப்பொலி எழுந்தபோது யாம் படத்தைக் காணாது அவர் முகத்தையே கண்டோம். எள்ளல் என்பதனைப் பேராசிரியர் இருவகையாக்கி, தான் பிறரை எள்ளி நகுவதை ஒன்றாகவும், பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் நகுவதை மற்றொன்றாகவும் விளக்குவர். இரண்டாவதற்கு எடுத்துக்காட்டுத் தேர்வில் கேட்கப்படின் இனி எமக்குத் தேட்டமில்லை. தம் தொப்பி திரையில் தோன்றியபோது அவர் முன்னிருந்த மாணாக்கனின் தோளைத் தட்டி, “அது நான்தான்” என்றார்.

இக்கட்டுரையை அச்சிற்குக் கொடுக்குமுன் அவர்க்குப் படித்துக் காட்டினோம். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னார், நீக்கினோம். சிறை சென்றதை நீக்கவேண்டா என்றும், அதனை ஊரறியும் என்றும் கூறினார். பேராசிரியர் என்றது எந்த வாத்தியார் என்று வினவினார். பிறகு, படத்தைத் தம் கைப்பேசியிலிருந்து ஓர் எண்ணிற்கு அனுப்பித் தருமாறு கேட்டார். எண்ணை ஒரு பழைய சீட்டின் பின்புறம் எழுதிவைத்திருந்தார். அனுப்பினோம். யார் என்று வினவினோமில்லை.

அரைமணி கழித்து மறுமொழி ஒன்று குரற்பதிவாக வந்தது. அவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப்புறமாகத் திரும்பி நின்றார். அப்பொழுது இரண்டு வண்டிகள் உள்ளே வந்தன. யாமே சீட்டுக் கிழித்துக் கொடுத்தோம்.